செம்மண் மைதானத்தில் கோல்கீப்பரை வளர்ப்பது: 9 முதல் 15 வயது வரை ஒரு முழு வழிகாட்டி

இரண்டு அணியாகப் பிரித்து முடித்த பிறகு, யாரும் கூப்பிடாமல் மிச்சம் நிற்கும் பையனைப் பார்த்து "நீ கோலுக்குப் போடா" என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எந்த ஊர்ப் பள்ளி மைதானத்திலும் இது நடக்கும். அந்தப் பையனுக்குப் பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி விழுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மூன்று கோல் வாங்கியதும் அணி முழுக்கத் திட்டும். அடுத்த வாரம் அவன் மைதானத்துப் பக்கமே வரமாட்டான்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மாலையில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன், அக்காக்களுக்கும் இதை எழுதுகிறேன். கீப்பர் பயிற்சிக்கென்று தனி ஆள் வைக்க நம் ஊரில் யாராலும் முடியாது. அணியைப் பார்த்துக்கொள்பவரேதான் கீப்பரையும் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் இதில் உள்ள எல்லாவற்றையும் செய்யலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பக்கவாட்டில் பாய்ந்து டைவ் அடிக்கத் தயங்கும் பிள்ளையைப் "பயந்தாங்கொள்ளி" என்கிறோம். மாசி, பங்குனியில் நம் செம்மண் இறுகிக் கிடக்கும். மேலே சரளை பரவியிருக்கும். அதில் பக்கவாட்டில் விழுந்தால் இடுப்புத் தோல் உரியும், முழங்கை கிழியும். அந்தப் பிள்ளை போடுவது சரியான கணக்குதான். "பயப்படாதே" என்று எத்தனை முறை கத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது. வலிக்காமல் விழ முடியும் என்று உடம்பு தெரிந்துகொண்ட பிறகுதான் மாறும். கீப்பரின் தன்னம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கீழே உள்ள படிகளின் வரிசையை அதை வைத்தே அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 1: விழுவதற்கு ஓர் இடம்

மைதானம் முழுவதையும் புல்தரை ஆக்க முடியாது. பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக் கல் பொறுக்குங்கள். மண்வெட்டியால் அரையடி ஆழம் கொத்தி, கட்டிகளை உடைத்து, சலித்த மண்ணைப் பரப்புங்கள். சீமைக்கருவேலம் பக்கத்தில் இருந்தால் முள்ளை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். காற்று அடித்தால் அது எங்கிருந்தாவது வந்துவிடும்.

அதுவும் முடியாத இடத்தில் அரிசிச் சாக்குகளில் வைக்கோலை அடைத்துத் தைத்து, நான்கைந்தை அடுக்கிப் போடலாம். பழைய தேங்காய் நார் மெத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. உரச் சாக்கு வேண்டாம், ரசாயனம் தோலில் படும். கோடை மழைக்குப் பிறகு கடலைக்காக உழுது போட்ட கொல்லை இருக்கிறதே, அதைவிடச் சிறந்த டைவிங் தரை எதுவும் இல்லை. விதைப்பதற்கு முன், கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் பயன்படுத்தலாம். நம் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

உடுப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். முழுக்கைச் சட்டை, முழங்காலை மூடும் கால்சட்டை, உள்ளே ஒரு பழைய டைட்ஸ், இவ்வளவுதான். கிளவுஸ் முதல் நாளே தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளை வெறுங்கையால் பிடித்துப் பழகினால் விரல்கள் பந்தை உணரக் கற்கும். வாங்கும்போது விரல் நுனிக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கும் அளவு பாருங்கள். சரளைத் தரையில் உள்ளங்கை ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே தேய்ந்த ஜோடி பயிற்சிக்கு, நல்ல ஜோடி போட்டிக்கு. அணியும் முன் உள்ளங்கைப் பகுதியை லேசாக நனைத்தால் பிடிப்பு கூடும். கழுவிய பின் நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும்.

12 வயது வரை 4-ம் எண் பந்து, 13 முதல் 5-ம் எண். பயிற்சிக்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். கல்லாக இறுகிய பந்து நெஞ்சில் பட்ட பிள்ளை, அடுத்த ஷாட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கோல் போஸ்டின் அளவும் முக்கியம். முழு அளவு 24 அடி அகலம், 8 அடி உயரம். நாலரை அடி உயரப் பிள்ளையை அதில் நிறுத்தினால், எவ்வளவு திறமை இருந்தாலும் தலைக்கு மேல் போகும் பந்தை ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாததற்காக ஒரு பிள்ளை திட்டு வாங்குவது அநியாயம். இங்கிலாந்தில் 11, 12 வயதினர் ஆடும் ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 16 அடிக்கு 7 அடி கோல்தான் வைக்கிறார்கள். நாமும் உள்ளே இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டினால் போதும்.

நகர்த்தக்கூடிய இரும்பு கோல் போஸ்ட் வைத்திருந்தால், அதன் பின்பக்கத்தைத் தரையோடு முளை அடித்தோ மணல் மூட்டை வைத்தோ கட்டாயம் நிலைநிறுத்துங்கள். சரிந்த போஸ்டுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. கோலின் குறுக்குக் கம்பியில் தொங்க யாரையும் விடக்கூடாது.

படி 2: எல்லாரையும் ஒரு சுற்று நிறுத்திப் பாருங்கள்

12 வயதுக்கு முன் யாரையும் நிரந்தரக் கீப்பர் ஆக்காதீர்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு பேர் மாறி மாறி நிற்கட்டும். அப்போது மூன்று விஷயம் நடக்கும். யாருக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். கீப்பரின் கஷ்டம் எல்லாருக்கும் புரிவதால் திட்டு குறையும். கீப்பராகப் போகிற பிள்ளைக்கும் காலால் பந்தைக் கையாளும் பழக்கம் வரும். இது இன்றைய ஆட்டத்துக்கு இல்லாமல் ஆகாது.

பீட்டர் தங்கராஜைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்த அவர், முதலில் சென்டர் ஃபார்வேர்டாக, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை ஆளாக ஆடியவர், பிறகுதான் கோலுக்குப் போனார். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ரஷ்யாவின் லெவ் யாஷின் பெயரையும் சொல்லலாம். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கு அப்போது தரப்பட்ட தங்கப் பந்து விருதை 1963-ல் வென்ற அவருக்கு முன்னும் பின்னும் வேறு எந்தக் கீப்பருக்கும் அது கிடைத்ததில்லை. "மிச்சம் இருக்கிறவன்தான் கீப்பர்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும்.

கீப்பரைத் தேர்ந்தெடுக்க உயரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 11 வயதில் குட்டையாக இருப்பவர் 15-ல் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. பந்து வரும்போது கண்ணை மூடாத பிள்ளை, கோல் வாங்கியதும் அடுத்த பந்தைக் கேட்கும் பிள்ளை, சும்மா இருக்கும்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை, இவர்களைக் கவனியுங்கள்.

படி 3: நிற்பதும் பிடிப்பதும்

கால்கள் தோள் அகலம். எடை பாதத்தின் முன்பகுதியில், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். கைகள் இடுப்பு உயரத்தில் உடம்புக்கு முன்னால், உள்ளங்கை பந்தைப் பார்த்தபடி. முழங்காலில் கையை ஊன்றி நிற்கும் பழக்கத்தை முதல் நாளே உடையுங்கள்.

இதில் எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் கீப்பரின் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும்போது ஷாட் வந்தால், கால் மாற்றுவதற்குள் பந்து தாண்டிவிடும். நல்ல இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதைவிட, சற்றுத் தவறான இடத்திலாவது நிலையாக நிற்பது மேல். இதைப் பழக்க, கீப்பரைப் பக்கவாட்டில் நகரச் சொல்லி, நீங்கள் காலை ஓங்கும்போது "நில்" என்று கத்துங்கள். சில நாளில் உங்கள் குரல் தேவைப்படாது, ஓங்கிய காலைப் பார்த்ததும் நிற்பார்.

நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்கு, இரண்டு கட்டைவிரலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும்படி, விரல்கள் விரிந்து பந்தின் பின்னால் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்து, உள்ளங்கை மேலே பார்த்து, பந்தை வாரி நெஞ்சோடு அணைக்க வேண்டும். உருண்டு வரும் பந்துக்கு ஒரு முழங்காலை மற்றக் குதிகாலுக்குப் பக்கத்தில் தாழ்த்தி, கைக்குப் பின்னால் கால் ஒரு தடுப்பாக நிற்கட்டும். நம் தரையில் கல் பட்டுப் பந்து கடைசி நொடியில் எகிறும் என்பதால் இந்த இரண்டாவது தடுப்பு நமக்கு அதிகம் தேவை.

கையை விறைப்பாக நீட்டினால் பந்து தெறிக்கும். நிறைகுடத்தை ஒருவர் கையிலிருந்து வாங்கும்போது நம் கை சற்றுத் தாழ்ந்து நெஞ்சருகே வருமே, அப்படி வாங்க வேண்டும். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் உடனே புரிகிறது.

வரிசை இப்படி: கையால் உருட்டுங்கள், பிறகு கையால் எறியுங்கள், பிறகு உள்பாதத்தால் மெதுவாக அடியுங்கள், கடைசியில்தான் ஷாட். ஆறு முதல் எட்டுப் பந்து, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. பயிற்சி தொடங்கும்போது இருபது பேர் வரிசையாக நின்று பத்தடி தூரத்திலிருந்து கீப்பரை நோக்கி அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். அடிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், கீப்பருக்கு இருபது கோல் வாங்கும் அனுபவம். கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

என் அளவுகோல் இது: எந்தப் பயிற்சியிலும் பத்துக்கு ஆறு ஏழு பந்தைக் கீப்பர் பிடிக்க வேண்டும். பத்தும் பிடித்தால் தூரத்தைக் குறையுங்கள், மூன்றுதான் என்றால் எளிதாக்குங்கள். கீப்பரின் நம்பிக்கையை இந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

படி 4: விழுவது

இதற்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே ஆட்டம் காணும்.

முதலில் உட்கார்ந்த நிலை. மென்மையான தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையிலும் பந்தைப் பிடித்து, பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும். தரையைத் தொட வேண்டிய வரிசை: தொடையின் வெளிப்பக்கம், இடுப்பின் பக்கம், விலா, தோள். வயிறு தரையில் படக்கூடாது. முழங்கை உடம்புக்கு அடியில் போகக்கூடாது, முன்னால் இருக்க வேண்டும். உடம்புக்கடியில் போன முழங்கைதான் விலாவில் குத்தி மூச்சை நிறுத்துகிறது, பிள்ளை அடுத்த முறை தயங்குகிறது. பிறகு நீங்கள் ஒரு முழம் தள்ளிப் பந்தை உருட்டுங்கள், சாய்ந்து எடுக்கட்டும்.

எடுக்கும்போது ஒரு கை பந்துக்குப் பின்னால், ஒரு கை பந்தின் மேல், கீழே தரை. தரையையும் சேர்த்தால் மூன்று கை. மேல் கை இல்லாமல் பின்னால் மட்டும் கை இருந்தால், விழுந்த வேகத்தில் பந்து துள்ளி எதிராளி காலுக்குப் போகும்.

இரண்டாவது, முழங்காலிட்டு நின்ற நிலை. மூன்றாவது, குந்திய நிலை. நான்காவதுதான் நின்ற நிலை. ஒவ்வொரு நிலையிலும் பிள்ளை தரையைப் பார்க்காமல், பந்தையே பார்த்து விழும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். கண் தரைக்குப் போகிறதா என்று பாருங்கள், பயம் மிச்சம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

நின்ற நிலையில், பந்து வரும் பக்கத்துக் காலை முன்சாய்வாக ஒரு எட்டு வைத்து, அந்தக் காலால் தள்ள வேண்டும். நேர்ப்பக்கமாகவோ பின்னாலோ பாயக்கூடாது. முன்சாய்வாகப் பாய்ந்தால் பந்து சீக்கிரம் கையில் படும், தட்டினாலும் கோலுக்கு வெளியே போகும். பின்னால் பாய்ந்தால் தட்டிய பந்தே உள்ளே போகும். மேல் பக்க முழங்காலை வயிற்றுப் பக்கம் மடித்துக்கொண்டால் ஓடிவரும் எதிராளியின் காலிலிருந்து உடம்புக்குக் காப்பு.

பிடிக்க முடியாத பந்தைத் தட்டுவதும் திறமைதான். உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ விரல்களாலோ தட்டி, பந்து போஸ்டுக்கு வெளியே பக்கவாட்டில் போகும்படி செய்ய வேண்டும். கோலுக்கு நேர் எதிரே தட்டிவிட்டால் எதிராளிக்கு இன்னொரு ஷாட் கிடைக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் விழ எளிதாக இருக்கும். பயிற்சியை எப்போதும் கடினமான பக்கத்தில் தொடங்குங்கள், உடம்பு புதிதாக இருக்கும்போது. பக்கத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை போதும். களைத்த உடம்பு தவறாக விழும், தவறாக விழுந்ததைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். மென்தரையில் பழகி முடித்த பிறகு கோலுக்கு முன்னால் கொண்டுவந்து, முதல் சில நாள் சாக்கு மெத்தையைப் போட்டே செய்யுங்கள். பிறகு ஒருநாள் பிள்ளையே "சார், மெத்தை வேண்டாம்" என்று சொல்லும். அதுவரை நீங்கள் எடுக்காதீர்கள்.

படி 5: கயிறு கட்டி இடம் சொல்லித் தருவது

எங்கே நிற்பது என்பதை வாயால் விளக்கினால் எந்தப் பிள்ளைக்கும் விளங்காது. இருபத்தைந்து மீட்டர் சணல் கயிறு வாங்குங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு போஸ்டின் அடியில் கட்டி, நடுவை இழுத்துப் பெனால்டி புள்ளியில் ஒரு முளையில் மாட்டுங்கள். அங்கே பந்தை வையுங்கள். இப்போது தரையில் ஒரு முக்கோணம். பந்து கோலுக்குள் போக வேண்டுமென்றால் இதற்குள்ளாகத்தான் வரவேண்டும்.

கீப்பரைக் கோல் கோட்டில் நிறுத்துங்கள். அவர் காக்க வேண்டியது 24 அடி. ஆறடி முன்னால் வரச் சொல்லுங்கள், இப்போது கயிறுகளுக்கு இடையே 20 அடிதான். ஒன்பதடி வந்தால் 18, பன்னிரண்டடி வந்தால் 16. பெனால்டி புள்ளி கோலிலிருந்து 36 அடி என்பதால் கணக்கு இப்படி அழகாக வருகிறது. பிள்ளைகளையே அடிக்கோல் வைத்து அளக்க விடுங்கள். எட்டாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணம் படிக்கும் பிள்ளை, அது எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.

பிறகு கேளுங்கள்: "அப்போ இன்னும் முன்னாடி போயிடலாமே, ஏன் போகக்கூடாது?" தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பந்து பின்னால் விழுந்துவிடும் என்ற விடை அவர்களிடமிருந்தே வரவேண்டும். அதைச் செய்தும் காட்டுங்கள். எவ்வளவு முன்னால் போகலாம் என்பது எதிராளியின் பார்வையில் இருக்கிறது. தலையைக் குனிந்து பந்தைத் தள்ளிக்கொண்டு வருபவரால் அந்தக் கணத்தில் தூக்கிப் போட முடியாது, அப்போது முன்னேறலாம். தலை நிமிர்ந்ததும் நின்றுவிட வேண்டும்.

அடுத்து முளையைப் பிடுங்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். முக்கோணம் சாய்ந்து ஒல்லியாகும். பந்துக்கும் கோலின் நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள கோட்டில் நிற்க வேண்டும், பக்கத்து போஸ்டுப் பக்கம் இடைவெளி விடக்கூடாது. கீப்பர் பின்னால் திரும்பிப் பார்க்காமலே போஸ்ட் எங்கே இருக்கிறது என்று அறிய, கோல் ஏரியாவின் (கோலுக்கு முன்னால் உள்ள சிறிய கட்டத்தின்) கோடுகளையும் பெனால்டி புள்ளியையும் அடையாளமாகப் பழக்குங்கள். சுண்ணாம்புக் கோடு அழிந்துபோன மைதானத்தில், கோலின் நடுவில் நின்று முன்னோக்கிக் குதிகாலால் ஒரு கோடு கீறிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விழுவது உடம்புக்குத் தரும் தைரியத்தை இந்தக் கயிறு தலைக்குத் தருகிறது. பெரிய கோலில் நிற்கும் சிறிய பிள்ளைக்குத் தான் காக்க வேண்டிய இடம் தானே சுருக்கிக்கொள்ளக்கூடியது என்று புரிந்தால், தோளே வேறு மாதிரி நிமிரும்.

படி 6: ஒற்றைக்கு ஒற்றை வரும்போது

எதிராளி தனியாக வருகிறார். பிள்ளைகள் செய்யும் தவறு இரண்டு: கோட்டிலேயே நின்றுவிடுவது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்துவிடுவது. சரியானது இதற்கு நடுவில். பந்து எதிராளியின் காலைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போகும்போது வேகமாக முன்னேறு, அவர் தொடும்போது சிறு எட்டுகளில் நிதானமாகு. எவ்வளவு நேரம் காலில் நிற்கிறாயோ அவ்வளவு நேரம் அவர்தான் முடிவெடுக்க வேண்டும். தொடுதல் நீண்டுவிட்டால் அப்போது பாய்ந்து எடு. கால் முன்னால் போகக்கூடாது, எப்போதும் கை பந்துக்கு. உடம்பு குறுக்காகப் படுத்து ஒரு சுவராக வேண்டும்.

இதைப் பாதி வேகத்தில், தன் அணித் தோழரோடு பழக்குங்கள். அடிக்கும் பிள்ளைக்கு ஒரு கண்டிப்பு: கீப்பர் கை பந்தில் பட்டுவிட்டால் உதைக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 7: உயரப் பந்தும் குரலும்

ஒற்றைக் காலில் எழும்பி, மற்ற முழங்காலை உயர்த்தி, கை நீளும் உச்சியில் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் எதிராளியின் தலை முந்திவிடும். கூட்டமாக இருந்தால் பிடிக்க முயலாமல், இரண்டு முஷ்டியையும் சேர்த்து உயரமாக, தூரமாக, பக்கவாட்டுக்குக் குத்த வேண்டும்.

வெளியே வருவதென்றால் "கீப்பர்!" என்று ஒரே ஒரு சத்தம், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. வரவில்லை என்றால் "அடிச்சு விடு!". ஓசூர், தளி, வேப்பனஹள்ளி பக்கத்தில் ஓர் அணியிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவார்கள். அவசரத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டு மொழியில் கத்துவார்கள். ஆகவே ஐந்தாறு சொற்களை முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லாரையும் அதையே சொல்ல வைக்க வேண்டும். "கீப்பர்", "விடு", "திரும்பு", "ஆள் வரான்", "டைம் இருக்கு" என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் உள்ள பிள்ளைக்குக் குரல் எழாது. "சத்தமா பேசு" என்பதால் பயனில்லை. தனியாகச் சுவரைப் பார்த்துப் பந்தை மேலே எறிந்து, "கீப்பர்!" என்று கத்தியபடி பிடிக்கச் சொல்லுங்கள். குரலையும் கையையும் சேர்த்தே பழக்கினால் இரண்டு வாரத்தில் வரும்.

படி 8: கைக்கு வந்த பந்து

பக்கத்தில் இருப்பவருக்கு உருட்டுவது, தூரத்தில் இருப்பவருக்குக் கையை மேலே சுற்றி எறிவது, காலால் அடிப்பது. இந்த வரிசையில் கற்றுக்கொடுங்கள். நம்மூரில் கீப்பர் என்றாலே தூக்கி அடிப்பதுதான் என்று நினைக்கிறார்கள். காற்றில் போன பந்து பாதிக்குப் பாதி எதிரணிக்குத்தான் கிடைக்கிறது.

விதிகளில் மூன்று போதும். அணித் தோழர் வேண்டுமென்றே காலால் பின்னுக்குத் தள்ளிய பந்தைக் கையால் தொடக்கூடாது, இது 1992-லிருந்து உள்ள விதி. கோல் கிக் அடித்த பந்து பெனால்டி ஏரியாவுக்கு வெளியே போக வேண்டும் என்பது 2019-ல் போய்விட்டது, உள்ளேயே தோழரிடம் தரலாம். கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், இது 2025-ல் வந்தது. கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். குறுவட்டப் போட்டியில் எந்த விதியைப் பின்பற்றுகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: கோல் வாங்கிய பிறகு

இந்தப் படியைப் பயிற்சியிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். கோல் விழுந்ததும் கீப்பர் செய்ய வேண்டியதைத் தீர்மானித்து வையுங்கள்: வலையிலிருந்து பந்தைத் தானே எடுத்து நடுக்கோட்டுக்கு எறிவது, ஒருமுறை போஸ்டைத் தொட்டு மூச்சை இழுத்து விடுவது, பக்கத்து டிஃபென்டரிடம் அடுத்த ஆட்டத்துக்கு உதவும் ஒரு வார்த்தை பேசுவது. உடம்புக்கு ஒரு வேலை இருந்தால் மனம் அந்தக் கோலிலேயே உட்கார்ந்திருக்காது.

அணிக்கும் ஒரு சட்டம் போடுங்கள். கோல் விழுந்ததும் யாரும் கீப்பரைப் பார்த்துக் கையை விரிக்கக்கூடாது. பந்து அவரிடம் வருவதற்கு முன் பத்துப் பேரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. இடைவேளையில் கோலைப் பற்றிப் பேசும்போது, நடுக்களத்தில் பந்தை இழந்தவரிடமிருந்து தொடங்குங்கள். கீப்பர் கடைசியில் வரட்டும். இதை இரண்டு மூன்று ஆட்டம் செய்தால் திட்டும் பழக்கம் தானாக அடங்கும்.

உங்கள் கேள்வியும் மாற வேண்டும். "ஏன்டா விட்ட?" என்பதற்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. "அவன் அடிக்கும்போது நீ எங்க நின்ன? கால் தரையில இருந்துச்சா?" என்று கேட்டால் பதில் உண்டு, அந்தப் பதிலில் அடுத்த வாரப் பயிற்சியும் உண்டு. ஆட்டம் நடக்கும்போது கோட்டருகே நின்று இதைக் கத்த வேண்டாம், அடுத்த பயிற்சி நாளில் தனியாகக் கேளுங்கள். பாராட்டும்போதும் "சூப்பர்" என்று பொதுவாக விடாமல், "அந்த கார்னருக்கு வெளிய வரலாம்னு சீக்கிரம் முடிவு பண்ணினியே, அதுதான் சரி" என்று செயலைச் சொல்லுங்கள். கோல் விழுந்திருந்தாலும் முடிவு சரியாக இருந்தால் பாராட்டுங்கள். முடிவெடுக்கும் துணிச்சல் அப்படித்தான் வளரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆட்டத்துக்கு ஒரு பக்கம்: சரியாக நின்றது, வெளியே வந்தது, குரல் கொடுத்தது, பந்தைச் சரியாகத் தோழரிடம் சேர்த்தது. வாங்கிய கோலின் எண்ணிக்கைக்கு அதில் இடம் வேண்டாம், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. பிள்ளையே எழுதட்டும்.

பெற்றோரிடமும் பேசுங்கள். வீட்டுக்குப் போனதும் "எத்தனை கோல் விட்ட?" என்பது முதல் கேள்வியாக இருந்தால் நாம் மூன்று மாதம் கட்டியது ஒரு மாலையில் உடையும்.

பெண் பிள்ளைகளுக்கு

நம் மாவட்டங்களில் நன்றாக ஆடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோலுக்கு வரத் தயங்குவது பெரும்பாலும் உடுப்பினால்தான், விழுந்தால் சட்டை விலகும் என்ற கூச்சம். உள்ளே இறுக்கமான பனியன், மேலே டக் செய்த முழுக்கைச் சட்டை, முழுநீள டைட்ஸ் என்று அணிக்கே பொதுவாக வைத்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். விழும் பயிற்சியை வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்கு நேரம் விட்டு முடியுங்கள், இருட்டிய பின் ஒரு பிள்ளை தனியாக நடந்தால் மறுநாள் வீட்டில் அனுப்பமாட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே படிகள், அதே வரிசை, அதே கண்டிப்பு. எதையும் குறைக்க வேண்டாம்.

அடிபட்டால்

தலையில் அடிபட்ட கீப்பரை உடனே வெளியே எடுங்கள். அன்று திரும்ப ஆடக்கூடாது, இறுதி ஆட்டமாக இருந்தாலும். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் பிசகினால் இழுத்து நேராக்கும் வேலையை யாரும் செய்யக்கூடாது. ஐஸ் ஒத்தடம் கொடுத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, எக்ஸ்ரே எடுங்கள். சித்திரை, வைகாசியில் பயிற்சி காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல்தான். கீப்பர் ஓடுவதில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்க மறக்காதீர்கள், வெயிலில் நிற்பவரும் அவர்தான்.

போட்டி நாளும் பெனால்டியும்

போட்டிக்கு முன் கீப்பருக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம். உருட்டிய பந்து, கையில் நேராக வரும் பந்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று டைவ், சில உயரப் பந்து. கடைசிப் பந்து அவர் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். கோலுக்கு முன் சரளை, பள்ளம் எங்கே என்று இரண்டு பக்கக் கோலையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெனால்டியில் அடிக்கும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். பதினொரு மீட்டரைப் பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். பார்த்த பிறகு நகர்ந்து மூலைக்குப் போவது கடினம். அதனால் அடிப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று கவனித்து ஒரு பக்கம் முடிவுசெய்து முழுமனதாகப் போகச் சொல்லுங்கள். பெனால்டியில் கோல் விழுந்தால் அதை யாரும் கீப்பர் கணக்கில் எழுதுவதில்லை என்று முன்பே சொல்லிவையுங்கள். அந்த ஒரு தருணத்தில் இழக்க ஒன்றுமில்லாதவர் அவர்தான்.

அடுத்த கட்டம்

13, 14 வயதில் ஒரு பிள்ளைக்கு இதுதான் தன் இடம் என்று தெளிவாகிவிட்டால் வெளியே அனுப்புங்கள். பள்ளிக் கல்வித்துறையின் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை போகின்றன. முதலமைச்சர் கோப்பையிலும் கால்பந்து உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்பை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு நடை போனால் போதும்.

தேர்வு நாளில் கூட்டம் இருக்கும், கீப்பர்களைக் கடைசியில் அவசரமாகப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளை தன் கிளவுஸையும், ஆதார், பிறப்புச் சான்று நகல்களையும் தானே எடுத்துப் போகட்டும். சத்தமாகக் குரல் கொடுக்கட்டும், கிடைக்கும் முதல் பந்தைத் தட்டாமல் பிடிக்க முயலட்டும், பிடித்ததும் காலைப் பார்க்காமல் தலை நிமிர்ந்து தோழரைத் தேடட்டும். தேர்வாகவில்லை என்றால், என்ன குறை என்று அங்கிருக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையே நேராகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த திங்கட்கிழமைப் பயிற்சியை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.